முற்றுகையின் அளவும் வீட்டுத் தம்ளரும்



எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புஸ்தகம் 4-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேமுக்கு வரப்போகிற முற்றுகைக்கு அடையாளமாகத் தீர்க்கதரிசி ஒருக்களித்துப் படுக்கவேண்டும். நிறுத்துக் கொடுக்கப்பட்ட அப்பத்தையே புசிக்கவேண்டும். அந்த அப்பத்தைப்பற்றிப் பிரசங்கங்கள் கேட்டிருப்பீர்கள். 11-ஆம் வசனத்தில் உள்ள தண்ணீரைப்பற்றி அதிகம் கேட்டிருக்கமாட்டீர்கள். அவருக்கு அனுமதிக்கப்பட்ட தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு ஹின்னில் ஆறில் ஒரு பங்கு மாத்திரமே. ஹின் என்பது எபிரெயருடைய திரவ அளவை. இக்காலக் கணக்கில் மூன்றரை லிட்டருக்குச் சற்று மேல். அதில் ஆறில் ஒரு பங்கு என்றால் ஏறக்குறைய 600 மில்லிலிட்டர். கடையில் வாங்கும் அரை லிட்டர் பாட்டில் ஒன்றும், அதன்மேல் சில மிடறுகளும்.

இது ஆரோக்கியத்திற்காகக் கொடுக்கப்பட்ட ஆலோசனை அல்ல என்பதை அதே அதிகாரத்தின் கடைசி வசனங்கள் தெளிவாக்குகின்றன. மதிலுக்கு வெளியே சத்துரு நிற்கிறான், ஊற்றுக்குப் போக வழியில்லை, ஆகையால் திகிலோடே குடிக்கவேண்டிய அளவு அது. மனிதன் உயிரோடிருப்பான், நன்றாயிருக்கமாட்டான்.

இந்த மாதம் இந்தப் பகுதியில் தண்ணீரை அளப்பதைப்பற்றி எழுதவேண்டும் என்று எண்ணியதற்குக் காரணம், முற்றுகை எதுவும் இல்லாமலே இந்த அளவைக் குடித்து நாளைக் கடத்துகிற சகோதரிகள் நம்முடைய சபைகளில் அநேகர் இருக்கிறார்கள் என்பதே. அதிகாலை இருட்டிலேயே கம்பத்திலும் போடியிலும் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். ஏறுமுன் தண்ணீர் குடித்தால் ஜீப்பை வழியில் நிறுத்தச் சொல்லவேண்டும், ஆகவே குடிப்பதில்லை. தேயிலைக் காட்டிலே இடுப்பளவுச் செடிகளுக்கு நடுவே மறைவிடம் இல்லை, ஆகவே குடிப்பதில்லை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே குடிதண்ணீரையும் கழிப்பிடத்தையும் நிர்வாகத்தின் கடமையாக்கியிருந்தது. சட்டம் பங்களாவரைக்கும் வந்தது. கொழுந்து பறிக்கும் சரிவுவரைக்கும் எல்லா இடங்களிலும் வந்து சேரவில்லை.

அந்த மலையை விட்டுக் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வந்துவிட்ட மகள்களின் நிலையும் வெகுவாக மாறிவிடவில்லை. ஜவுளிக்கடையிலே பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறாள். கழிப்பறை மேல்மாடியில், போய்வர மேற்பார்வையாளரிடம் கேட்கவேண்டும். கேட்கக் கூச்சப்பட்டு, தாகத்தையே அடக்கப் பழகிக்கொள்கிறாள். கடைகளில் வேலைசெய்கிற பெண்கள் உட்காருவதற்கு இருக்கை கொடுக்கவேண்டும் என்பதே கேரளத்தில் 2018-லும் தமிழ்நாட்டில் 2021-லும்தான் சட்டத் திருத்தமாய் வந்தது என்றால், தண்ணீரும் கழிப்பறையும் எத்தனை பின்னால் நிற்கின்றன என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். சிறுநீர்ப் பாதையில் திரும்பத் திரும்ப வரும் தொற்று, நீர்க்கடுப்பு, கல்லடைப்பு, மாலையில் தவறாமல் வரும் தலைவலி ஆகியவற்றில் எத்தனையோ இப்படிக் குடிக்காமல் விட்ட தண்ணீரிலிருந்து வருகின்றன. ஜெபக் குறிப்புச் சீட்டில் தலைவலி என்று எழுதிக் கொடுக்கிறார்கள். ஜெபிப்போம், அதோடுகூட, இன்று எவ்வளவு தண்ணீர் குடித்தாய் மகளே என்று ஒரு வார்த்தை கேட்போம்.

கேட்டால் என்ன பதில் வரும்? நாலைந்து தம்ளர் என்று வரும். எந்தத் தம்ளர் என்பதுதான் கேள்வி.

நம்முடைய எல்லைப்புறத்து ஜனங்களுக்குத் தண்ணீர்க் கணக்கு தெரியாது என்று ஒருவரும் சொல்லமுடியாது. குமுளியிலும் வண்டிப்பெரியாற்றிலும் கம்பத்திலும் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் எவரைக் கேட்டாலும் முல்லைப்பெரியாறு அணையின் 136 அடிக்கும் 142 அடிக்கும் 152 அடிக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்குவார்; 142 அடி என்று உச்ச நீதிமன்றம் 2014 மே மாதத்தில் தீர்ப்பளித்ததையும் சொல்லுவார். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலும் மீனாட்சிபுரத்திலும் வேலந்தாவளத்திலும் உள்ளவர்களுக்கு, பரம்பிக்குளம்–ஆளியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில் சித்தூர்ப் பகுதிக்காக வருஷத்திற்கு விடவேண்டிய 7.25 டி.எம்.சி. என்பது மனப்பாடம். ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி. லிட்டரில் சொன்னால் 2,831 கோடிக்கும் மேல். விநாடிக்கு ஒரு கன அடி என்று செய்தியில் படிக்கிறோமே, அந்த ஒரு விநாடித் தண்ணீர் 28 லிட்டர். ஒரு மனிதன் இரண்டு வாரம் குடிப்பதற்குப் போதும். இவ்வளவு பெரிய கணக்கையெல்லாம் நாவின் நுனியில் வைத்திருக்கிற நாம், வீட்டு அலமாரியில் இருக்கிற தம்ளர் எத்தனை மில்லிலிட்டர் கொள்ளும் என்று கேட்டால் விழிக்கிறோம்.

அளவைகளின் குழப்பம் நமக்குப் புதிதல்ல. நம்முடைய பாட்டிமார் ஆழாக்கு, உழக்கு, படி, மரக்கால் என்று அளந்தார்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். மலையாளத்து அண்டை வீட்டார் நாழி, இடங்கழி, பறை என்றார்கள். நான்கு நாழி ஓர் இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை. ஊருக்கு ஊர் படியும் நாழியும் பெரிதும் சிறிதுமாக இருந்தன. ஒரே சந்தையில் இரண்டு நாட்டு அளவையும் புழங்கிய எல்லையோர ஊர்களில் வாங்குகிறவனும் விற்கிறவனும் முதலில் எந்தப் படி என்று பேசி முடித்துக்கொள்வார்கள். 1956-ஆம் ஆண்டின் சட்டத்தினால் மெட்ரிக் அளவை வந்து, 1958 முதல் படிப்படியாக லிட்டர் நம்முடைய கடைகளுக்குள் நுழைந்தது.

நம்முடைய தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்களும் இந்த நெருக்கடியைச் சந்தித்தார்கள். லேவியராகமம் 19:36-ல் எபிரெயத்தில் ஹின் என்றிருப்பதற்குப் படி என்று போட்டார்கள். ரூத் பொறுக்கிச் சேர்த்த ஓர் எப்பா வாற்கோதுமை மரக்கால் ஆயிற்று. கானாவூர் கல்யாண வீட்டுக் கற்சாடிகள் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும் என்று யோவான் 2:6-ல் வாசிக்கிறோம். அங்கே கிரேக்கத்தில் உள்ள அளவை ஏறக்குறைய 40 லிட்டர் கொள்ளக்கூடியது. நம்முடைய பிளாஸ்டிக் குடமோ 15 லிட்டருக்குக் கிட்ட. குடம் என்ற சொல்லை நம்பி அந்தச் சாடிகளைச் சிறிதாக நினைத்துவிட்டால், அன்று நடந்த அற்புதத்தையும் பாதியிலும் குறைவாக்கிவிடுகிறோம். மொழிபெயர்ப்பாளர்மேல் குற்றமில்லை, வாசிக்கிறவனுக்கு வீட்டில் தெரிந்த பாத்திரத்தின் பேரைச் சொன்னார்கள்.

இன்று மருத்துவரும் அதையே செய்கிறார். 200 மில்லிலிட்டர் என்று சொன்னால் நோயாளிக்கு விளங்காதோ என்று ஒரு தம்ளர் என்று சொல்லுகிறார். அவர் மனதில் உள்ள தம்ளர் வேறு. நம்முடைய கையில் உள்ள தம்ளர் வேறு.

இப்படி ஒரு வீட்டை மனதில் வைத்துப் பாருங்கள். நம்முடைய சபைகளில் இது அரிதான வீடல்ல. தாயாருக்கு இருதயம் பலவீனம், கால் வீங்குகிறது. மருத்துவர் நாளைக்கு ஐந்து தம்ளருக்குமேல் தண்ணீர் கூடாது என்கிறார். அவர் நினைத்தது ஒரு லிட்டர். வீட்டிலே இருப்பது கல்யாணச் சீராக வந்த பெரிய எவர்சில்வர் தம்ளர். 350 மில்லிலிட்டர் கொள்ளும். மருமகள் மிகுந்த உண்மையோடு எண்ணி எண்ணி ஐந்து தம்ளர் கொடுக்கிறாள். உள்ளே போவது ஒன்றே முக்கால் லிட்டர். ரசமும் மோரும் காப்பியும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. சில நாட்களில் மூச்சுத்திணறல். சொன்னதைத்தானே செய்தோம் என்று குடும்பம் கலங்குகிறது. அடுத்த தெருவில் கல்லடைப்பு வந்த சகோதரன் ஒருவருக்கு வேறு கணக்கு. சிறுநீர் நாளைக்கு இரண்டரை லிட்டராவது வெளியேறும்படி தாராளமாகக் குடிக்கவேண்டும், பன்னிரண்டு தம்ளராவது குடியுங்கள் என்று சொல்லப்படுகிறது. அவர் காப்பி குடிக்கும் 120 மில்லிலிட்டர் தம்ளரில் பன்னிரண்டு முறை குடித்து, கட்டளையை நிறைவேற்றினேன் என்று நிம்மதியடைகிறார். மொத்தம் ஒன்றரை லிட்டர்கூட இல்லை. இருவரும் கீழ்ப்படிந்தார்கள். இருவருடைய படியும் சுமுத்திரையாயில்லை.

இதற்கு மருந்தும் இல்லை, செலவும் இல்லை. ஒரு லிட்டர் என்று அச்சிட்ட காலிப் பாட்டிலில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, வீட்டுத் தம்ளரில் ஊற்றிப் பாருங்கள். நீங்கள் வழக்கமாக எவ்வளவு நிரப்பிக் குடிப்பீர்களோ அவ்வளவு ஊற்றுங்கள். தளும்பத் தளும்ப அல்ல. ஐந்து தம்ளர் வந்தால் ஒன்று 200 மில்லிலிட்டர். நான்கு வந்தால் 250. மூன்று வந்தால் 330. குழந்தையின் பால்பாட்டிலில் உள்ள கோடுகளும் நல்ல அளவுகோலே. செம்புக்கும் இப்படியே பாருங்கள். அரை லிட்டர் செம்பும் உண்டு, ஒரு லிட்டர் செம்பும் உண்டு. கண்டுபிடித்த எண்ணைத் தம்ளரின் அடியில் ஒரு சிறிய ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். நாட்காட்டியைத் தொங்கவிட்ட ஆணிக்குப் பக்கத்தில் எழுதிவைத்தாலும் சரி.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இன்னொரு குழப்பம் உண்டு. அமெரிக்காவிலிருந்து மகன் தொலைபேசியில், அம்மா 64 அவுன்ஸ் குடியுங்கள் என்கிறான். அம்மாவுக்குத் தெரிந்த அவுன்ஸ் மருந்துக் கண்ணாடியில் இருந்த கோடு. ஓர் அவுன்ஸ் என்பது 30 மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவு. 64 அவுன்ஸ் என்றால் 1.9 லிட்டர். அங்கே பாட்டிலில் 16.9 அவுன்ஸ் என்று விசித்திரமாய் அச்சிட்டிருப்பதும் நம்முடைய அரை லிட்டர்தான். வளைகுடா நாடுகளில் ஐந்து காலன் கேன் என்கிறார்கள். அது அமெரிக்கக் காலன், கேனுக்கு 18.9 லிட்டர். பிரிட்டிஷ் காலன் பெரியது. ஒன்று நான்கரை லிட்டருக்குச் சற்று மேல். ஒரே பேர், இரண்டு அளவு; நம்முடைய படியின் கதையேதான்.

அந்த 64 அவுன்ஸ், அதாவது எட்டு அவுன்ஸ் தம்ளரில் எட்டு தம்ளர் என்ற விதி எங்கிருந்து வந்தது? 1945-இல் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்துக் குழு ஒரு பரிந்துரை வெளியிட்டது. ஒரு நாளைக்குச் சுமார் இரண்டரை லிட்டர் தண்ணீர் தேவை என்றது. அதில் பெரும்பகுதி உண்ணும் உணவிலேயே இருக்கிறது என்றும் உடனே சேர்த்துச் சொன்னது. முதல் வாக்கியம் உலகெங்கும் பரவியது என்றும், இரண்டாம் வாக்கியம் வழியில் விழுந்துவிட்டது என்றும் பலர் கருதுகிறார்கள். வேத வசனத்தைப் பாதியாக எடுத்துப் போதிக்கிறவர்களை நாம் அறிவோமே, அதுபோல. ஹைன்ஸ் வால்டின் என்ற சிறுநீரக வல்லுநர் 2002-இல் இந்த எட்டு தம்ளர் விதிக்கு விஞ்ஞான ஆதாரம் தேடி, ஆரோக்கியமான, வெப்ப நாட்டில் கடும் வேலை செய்யாத மனிதருக்கு அப்படி ஒன்று இல்லை என்று எழுதினார். அதற்காக, இந்தியத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லுகிற இரண்டு லிட்டர் என்ற பொதுவான அளவைத் தள்ளிவிடவேண்டியதில்லை. ஆரம்பப் புள்ளியாக அது நல்லது. அங்கிருந்து கூட்டுவதா குறைப்பதா என்பதை நீங்கள் நிற்கிற இடமும் செய்கிற வேலையும் சரீரத்தின் நிலையும் தீர்மானிக்கும்.

இடம் என்று சொன்னேன். நம்முடைய எல்லை நிலத்தைப்போல இதற்கு நல்ல உதாரணம் இல்லை. மூணாறு கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஜனவரியில் புல்லின்மேல் உறைபனி படிகிற காலையும் உண்டு. அங்கே தாகமே எடுக்காது. எடுக்காததினால் தேவையில்லை என்று ஆகிவிடாது. மேடேறிக் கொழுந்துச் சுமை தூக்குகிற சரீரம் குளிரிலும் தண்ணீரை இழக்கிறது. மலையில் இருப்பவர்கள் தாகத்தை நம்பாமல் தம்ளரை நம்பவேண்டும். வெந்நீரும் கட்டஞ்சாயாவும் கணக்கில் சேரும். டீ குடித்தால் தண்ணீர் வற்றிவிடும் என்பது மிகைப்படுத்தப்பட்ட பேச்சு. சீரகவெள்ளமும் சுக்குவெள்ளமும் கொதிக்கவைத்துக் குடிக்கிற மலையாளத்துப் பழக்கத்தை நகரத்திற்கு வந்தபின்பும் விட்டுவிடாதிருங்கள்.

கீழே பாலக்காட்டுக் கணவாயில் இறங்கினால் எல்லாம் தலைகீழ். மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த அந்த இடைவெளியில் கோடைக் காற்று அனலாய் வீசும். வாளையாறும் கஞ்சிக்கோடும் கொழிஞ்சாம்பாறையும் கேரளத்திலேயே அதிகமாய்க் கொதிக்கிற பகுதிகளில் சேரும். 2016 ஏப்ரலிலும் 2024 ஏப்ரலிலும் பாலக்காட்டு மாவட்டத்தில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது. கோடையில் வெயிலில் வேலைசெய்கிறவர்களுக்கு நண்பகல் 12 முதல் 3 மணிவரை ஓய்வு கொடுக்கும்படி கேரளத் தொழிலாளர் துறை உத்தரவிடுவது வழக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்காக 2024 பிப்ரவரியில் தண்ணீர் மணி என்ற ஏற்பாட்டை அந்த அரசு கொண்டுவந்தது: காலை 10.30-க்கும் பிற்பகல் 2.30-க்கும் மணி அடிக்கும், பிள்ளைகள் தண்ணீர் குடிக்கவேண்டும். விளையாட்டில் தாகத்தை மறக்கிற வயதிற்கு நல்ல யோசனை. ஞாயிறு பள்ளியில் நாமும் செய்யலாம்.

கட்டட வேலையிலும் சாலை வேலையிலும் செங்கல் சூளையிலும் இருக்கிற சகோதரர்களுக்கு இரண்டு லிட்டர் எந்த மூலைக்கும் போதாது. கடும் வெயிலில் உழைக்கிறவர் 15 முதல் 20 நிமிஷத்திற்கு ஒருமுறை எட்டு அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 240 மில்லிலிட்டர் குடிக்கவேண்டும் என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு அமைப்புகளின் வழிகாட்டுதல். மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரை எட்டுமளவுக்குக் குடிக்கலாகாது என்ற எச்சரிக்கையும் அதோடு உண்டு. வெறுந்தண்ணீரைக் கட்டுமீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மயக்கமும் வலிப்பும் வரக்கூடும். உப்பிட்ட மோரும் கஞ்சித் தண்ணீரும் இங்கேதான் தங்கள் மதிப்பைக் காட்டுகின்றன. நீங்கள் குடித்தது போதுமா என்று காட்டும் இன்னொரு அளவையும் உண்டு. சிறுநீர் வைக்கோல் நிறத்தில் வெளிறியிருந்தால் போதும். கடுங்காப்பி நிறத்தை நோக்கிப் போனால் முற்றுகை தொடங்கிவிட்டது.

அளவு தப்பினால் மருந்தே தீங்காகிற இடம் ஒன்று உண்டு. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியைச் சொல்லுகிறேன். 1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் வந்தபோது, பொங்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மஹலனாபிஸ், குளுக்கோசையும் சமையல் உப்பையும் சோடா உப்பையும் சரியாக நிறுத்து, பொட்டலமாக்கி, தண்ணீரில் கரைத்து வாயினாலேயே குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர்வரை மரித்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. அந்த மருத்துவர் 2022-இல் காலமானார். அவருடைய வைத்தியத்தின் ஜீவன் விகிதத்தில் இருந்தது. இப்பொழுது கடையில் கிடைக்கும் பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. சிறிய பொட்டலம் 200 மில்லிலிட்டருக்கு. உறையில் அச்சிட்டிருக்கும், வாசித்துக்கொள்ளுங்கள். பெரிய பொட்டலத்தை ஒரே தம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால் உப்பு ஐந்து மடங்காகிவிடுகிறது. அது குழந்தைக்கு ஆபத்து. பொட்டலம் கிடைக்காத ஊரில் ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டையும் தலைதட்டி அளக்கவேண்டும்.

கைக்குழந்தைகளைப்பற்றிச் சுருக்கமாக: ஆறு மாதம் நிறையாத, தாய்ப்பால் மாத்திரம் குடிக்கிற பிள்ளைக்கு எந்த வெயிலிலும் தண்ணீர் வேண்டாம். பாலாடையில் சர்க்கரைத் தண்ணீர் புகட்டும் பழக்கத்தை அன்புள்ள பாட்டிமார் விட்டுவிடவேண்டும். தண்ணீர் தாய்க்குக் கொடுங்கள்.

குறைத்துக் குடிக்கவேண்டியவர்களிடம் திரும்பி வருகிறேன். டயாலிசிஸ் செய்துகொள்ளுகிறவர்களுக்கு முந்தின நாள் வெளியேறிய சிறுநீரின் அளவோடு ஏறக்குறைய 500 மில்லிலிட்டர் கூட்டி அந்த நாளின் பங்கை வைப்பது பல மருத்துவர்களின் முறை. உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரே சொல்லவேண்டும். அந்தப் பங்கைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றிவைத்துவிடுங்கள். ஒரு தம்ளர் ரசம் குடித்தால் பாட்டிலிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். டீ, மோர், கஞ்சி, இளநீர், ஐஸ் எல்லாவற்றிற்கும் இப்படியே. பாட்டில் காலியானால் அன்றையக் கணக்கு முடிந்தது. நோட்டுப் புத்தகம் வேண்டாம், எழுத்தறியாத தாயாரும் பின்பற்றலாம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரக நோயாளிக்கு உபசாரமாக இளநீர் கொண்டுபோகிற வழக்கத்தை, வீடுகளைச் சந்திக்கப்போகும் ஊழியர்கள் மனதில் வைக்கவேண்டும். எடை பார்க்கும் இயந்திரமும் ஒரு தண்ணீர் அளவையே. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. இருதய நோயாளியின் எடை இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சோற்றினால் ஏறியதல்ல, உள்ளே தங்கிய இரண்டு லிட்டர் தண்ணீர். அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

உபவாசத்தைப்பற்றி எழுதாமல் இந்தப் பொருளை விட்டால் பாதி எழுதினவனாவேன். எஸ்தர் 4:16-இன்படி மூன்று நாள் தண்ணீரும் குடியாமல் உபவாசிக்கிற விசுவாசிகள் நம்மிடையே உண்டு. அந்தப் பக்தியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனாலும் எஸ்தரின் உபவாசம் ஒரு ஜனம் முழுவதும் அழியவிருந்த வேளையில் ஒரேமுறை கூறப்பட்டது. மாதந்தோறும் செய்யும்படி அவள் சொல்லவில்லை. நம்முடைய ஆண்டவர் வனாந்தரத்தில் நாற்பது நாள் இருந்ததைச் சொல்லுகிற மத்தேயுவும் லூக்காவும், அவருக்குப் பசியுண்டானதை எழுதுகிறார்கள், தாகத்தைப்பற்றி எழுதவில்லை. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், சிறுநீரகம் பலவீனப்பட்டவர்களும், கர்ப்பவதிகளும், பால் கொடுக்கும் தாய்மாரும் தண்ணீரை விட்டு உபவாசிக்கக்கூடாது. ஏப்ரல், மே மாதத்து உபவாசக் கூட்டங்களில் தகரக் கொட்டகையின்கீழ் உட்காருகிற முதியவர்களும் அப்படியே. வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்குகிறது. அவர்கள் தாகமில்லை என்று சொன்னால் நம்பிவிடாதிருங்கள். போதகர்கள் மேடையிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், தண்ணீர் குடிப்பதினால் உபவாசம் முறிந்துவிடாது என்று. அந்த வாக்கியத்திற்காகக் காத்திருக்கிறவர்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நம்முடைய ஆராதனைக் கூடங்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். நகரத்தில் வாடகை மாடியில் நடக்கிற சபைகள் அநேகம். இருநூறு பேருக்கு ஒரு கழிப்பறை, அதுவும் பின்பக்கப் படிக்கட்டில். ஆராதனை மூன்று மணி நேரம், பேருந்துப் பயணம் போக வர இரண்டு மணி நேரம். சகோதரிகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள் என்பதை அறியாத மூப்பர்கள் தங்கள் மனைவிமாரைக் கேட்கட்டும். ஒலிபெருக்கிக்கும் கீபோர்டுக்கும் காணிக்கை சேர்க்கிற சபை, சகோதரிகளுக்கென்று தாழ்ப்பாள் சரியாய் விழுகிற ஒரு கழிப்பறைக்கும் சேர்க்கலாம்.

நகரத்து வீட்டில் எல்லாருக்கும் சேர்த்துக் கணக்குப் பார்க்க எளிய வழி 20 லிட்டர் கேன். புதிய கேனைக் கவிழ்க்கும்போது அதன்மேல் தேதியையும் நேரத்தையும் எழுதுங்கள். குடிப்பதற்கு மாத்திரம் பயன்படுத்துகிற வீட்டில் நான்கு பேருக்கு அந்தக் கேன் இரண்டரை நாளில் தீர்ந்தால், தலைக்கு இரண்டு லிட்டர். நான்கு நாள் வந்தால் தலைக்கு ஒன்றேகால். சமையலுக்கும் அதிலிருந்தே எடுத்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர் குறைவாகக் குடிக்கிறார் என்று இது காட்டும். யார் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். பெரும்பாலும் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிறவராகவே இருப்பார்.

அடுத்த முறை தேனி அரசு மருத்துவமனைக்கோ, கோட்டயத்திற்கோ, கோயம்புத்தூருக்கோ தாயாரையோ தகப்பனாரையோ அழைத்துப்போகும்போது, மாத்திரைச் சீட்டுகளோடு வீட்டில் அவர் குடிக்கிற அந்தத் தம்ளரையே பையில் வைத்துக்கொண்டு போங்கள். மருத்துவர் தமிழ் பேசினாலும் மலையாளம் பேசினாலும், தம்ளர் என்றாலும் கிளாஸ் என்றாலும், அதை மேஜைமேல் வைத்து, இதில் எத்தனை என்று கேளுங்கள். அவர் சொல்லுகிற எண்ணை மில்லிலிட்டரிலும் சீட்டில் எழுதித் தரும்படி பணிவாய்க் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.